பெரிய வண்டியும் டீசல் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறையில் பல கம்பெனி வண்டிகளும் வந்துபோகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில், வண்டியை விட வருபவர்களிடம் என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. பதினோரு வருடமாக நான் அதிகம் எழுதிய குறை "மைலேஜ் இல்லை" என்பதுதான். இன்னோவா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ, சஃபாரி, எக்ஸ்யூவி என்று எந்தப் பெரிய வண்டியானாலும் இதே பேச்சு. ஃபில்டர், இன்ஜெக்டர், டயர், பிரேக் எல்லாம் பார்ப்போம். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஒரு கோளாறும் இருக்காது. அப்புறம் ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து விஜயமங்கலம் டோல் வரை ஒரு ரவுண்டு போய் வருவேன். காரணம் அங்கே தெரிந்துவிடும்.

அந்த ரவுண்டுகளில் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெரிய வண்டின்னா டீசல் குடிக்கும்னு தெரிஞ்சுதானுங்க வாங்குனோம். ஓட்டுறதுல என்ன பெருசா மாறிடப்போகுது?

நிறைய மாறும். சின்ன காரை விடப் பெரிய வண்டியில்தான் ஓட்டும் பழக்கம் அதிகமாகக் காசைத் தின்கிறது. இரண்டு டன் எடையை நகர்த்துகிறோம், உயரமான அகலமான முகப்பை வைத்துக் காற்றைத் தள்ளுகிறோம். 800 கிலோ காரில் செய்கிற அதே தப்பை இதில் செய்தால் விலை இரண்டரை மடங்கு.

முரட்டுத்தனமாக ஆக்சிலேட்டரை மிதித்துப் பிரேக் போட்டு ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரையும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரையும் மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எங்களிடம் வரும் வண்டிகளில் நான் பார்ப்பதும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. கோபியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒரே மாடல் வண்டியை ஒரே வருடத்தில் வாங்கினார்கள். ஒருவருக்கு 13க்கு மேல், இன்னொருவருக்கு 10 தாண்டாது. டயர்கூட ஒரே கம்பெனி.

கம்பெனி போட்ட மைலேஜ் ஏன் ரோட்டுல வர்றதில்லை?

அந்த எண் ரோட்டில் எடுத்தது இல்லை. ஆய்வகத்தில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, எத்தனை நொடி எந்த வேகம் என்று முன்கூட்டி எழுதிவைத்த ஒரு ஓட்டத்தை ஓட்டி எடுப்பது. அதில் அதிகபட்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். ஏசி ஓடாது, எதிர்க்காற்று கிடையாது, குறுக்கே ஆடு வராது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். நம் வண்டிக்குக் கிடைக்க வேண்டிய எண் என்று அதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

டேஷ்போர்டுல 14.8 காட்டுது. அதை நம்பலாமுங்களா?

போக்கு பார்க்க நம்பலாம். போன வாரம் 14, இந்த வாரம் 12.5 என்று காட்டினால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கணக்கை வைத்துப் போடும் மதிப்பீடு. பல வண்டிகளில் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் டேங்க் டு டேங்க் பாருங்கள். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், தானாக நிற்கும் வரை மட்டும் டீசல். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 500, 600 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். 612 கிலோமீட்டர் ஓடி 51 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. டீசல் நுரை கட்டும் என்பதால் ஒரு தடவையில் ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் ஆகலாம். அதனால் மூன்று டேங்க் சேர்த்து சராசரி எடுங்கள். 500 ரூபாய்க்கும் 1000 ரூபாய்க்கும் அடித்துவிட்டு மைலேஜ் சொல்ல முடியாது.

எந்த வேகத்துல போனா நல்ல மைலேஜ் கிடைக்கும்?

பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமான பிசிஆர்ஏ பல வருடமாகச் சொல்வது 45 முதல் 55 கிலோமீட்டர். தாராபுரம் ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் அது நடக்கும். நாலு வழிச் சாலையில் 50ல் போனால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. அங்கே நான் சொல்லும் எண் 80. அதுவும் ஒரே சீரான 80. ஒரு நிமிடம் 100, அடுத்த நிமிடம் 60 என்று போனாலும் சராசரி 80தான் வரும், ஆனால் டீசல் கணக்கு வேறு.

காரணம் காற்று. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதே அளவில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 80லிருந்து 100க்குப் போனால் 1.56 மடங்கு. 120க்குப் போனால் 2.25 மடங்கு. தாழ்வான செடான் காருக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, நம் வண்டி சுவரைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போகிறது. டயர் உராய்வு அந்த அளவுக்குக் கூடாது என்பதால் மொத்தச் செலவு 1.56 மடங்கு ஆகிவிடாது. ஆனாலும் 80க்கும் 100க்கும் நடுவே கிட்டத்தட்ட கால் பங்கு டீசல் கூடப் போகும்.

80ல போனா சேலம் எப்பங்க போய்ச் சேர்றது?

கோவையிலிருந்து சேலம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தடையே இல்லாமல் 80ல் போனால் 2 மணி நேரம். 100ல் போனால் 1 மணி 36 நிமிடம். காகிதத்தில் வித்தியாசம் 24 நிமிடம். நடைமுறையில் கணியூர் டோல், விஜயமங்கலம் டோல், வைகுந்தம் டோல், சங்ககிரி பக்கம் லாரிக் கூட்டம் எல்லாம் கழித்தால் 10, 15 நிமிடம் மிஞ்சும். அந்த 15 நிமிடத்துக்கு இரண்டரை மூன்று லிட்டர் டீசல் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போது கால் மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும்.

பிரேக் புடிச்சா டீசல் எப்படிங்க செலவாகும்? பிரேக்குக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பிரேக் மிதிக்கும்போது டீசல் செலவாவதில்லை, ஏற்கெனவே செலவு செய்த டீசலைத் தூக்கி எறிகிறோம். இரண்டு டன் வண்டியை 80க்குக் கொண்டுவர டீசல் எரிந்தது. அதில் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தி வண்டியின் ஓட்டத்தில் இருக்கிறது. பிரேக் பிடித்த நொடி அது டிஸ்க்கில் சூடாக மாறிக் காற்றில் போகிறது. நின்றபின் திரும்ப 80க்கு வர மறுபடி டீசல்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். 2000 கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் சக்தி ஏறக்குறைய 494 கிலோஜூல். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் சக்தி, அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்வதாக வைத்துக்கொண்டால், 80லிருந்து ஒரு முழு நிறுத்தத்தின் விலை 40 மில்லி. டீக்கடை கண்ணாடி டம்ளரில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 100லிருந்து நின்றால் 65 மில்லி. 60லிருந்து நின்றால் 23 மில்லி. 80லிருந்து பத்துத் தடவை நின்றால் 400 மில்லி. அதில் நம் வண்டி 5 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

அதற்காகப் பிரேக்கே பிடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆள் குறுக்கே வந்தால் அழுத்திப் பிடியுங்கள், அங்கே கணக்குப் பார்க்கக் கூடாது. நான் சொல்வது தெரிந்தே வரும் நிறுத்தங்களை. விஜயமங்கலம் டோல் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே கண்ணில் படும். அதுவரை 100ல் போய் 50 மீட்டரில் பிரேக் அடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். 400, 500 மீட்டருக்கு முன்பே கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகத் தணிந்து வந்து சேரும். ஊருக்குள் வேகத்தடை, சிவப்பு விளக்கு, பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கும் பஸ் எல்லாவற்றுக்கும் இதேதான். கண் முன்னால் போனால் கால் தானாக அமைதியாகும்.

கோவையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தபிறகு, "பாலத்துமேல போனா மீட்டர் நல்லா ஏறுதுங்க" என்று பலர் சொன்னார்கள். வண்டி மாறவில்லை, சாலை தூரமும் பெரிதாக மாறவில்லை. நிறுத்தங்கள் போய்விட்டன, அவ்வளவுதான்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டு விட்டா டீசல் மிச்சமாகும்ல?

ஆகாது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது, இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்கத் தன் பங்குக்கு டீசல் எரித்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வந்துவிட்டது.

மிச்சமாகாதது ஒரு பக்கம் இருக்கட்டும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை ரோட்டில் 40, கொல்லிமலையில் 70. அங்கே நியூட்ரலில் இறங்கினால் மொத்த எடையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறி, மிதித்தால் பிடிக்காத நிலை வரும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

எந்த ஆர்பிஎம்ல கியர் மாத்தணும்?

ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண். டர்போ டீசலில் சமதளத்தில் 2000 ஆர்பிஎம் வாக்கில் மாற்றினால் போதும். இன்னோவா கிரிஸ்டா 2.4 இன்ஜினின் முழு இழுவையான 343 நியூட்டன் மீட்டர் 1400 முதல் 2800 ஆர்பிஎம்முக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. 3500 வரை இழுத்தால் சத்தம் கூடும், டீசல் கூடும், பிரயோஜனம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியர் போட்டு மேட்டில் இழுப்பவர்களும் உண்டு. அது எதிர்ப்பக்கத் தப்பு. வண்டி உதறும், கால் அழுந்திக்கொண்டே போகும், கிளட்ச் பாதிக்கும். உதறல் தெரிந்தால் தயங்காமல் ஒரு கியர் இறக்குங்கள்.

என்னுது ஆட்டோமேட்டிக்குங்க. இதெல்லாம் எனக்கு எதுக்கு?

உங்களுக்கும் கால்தான் கியர் லீவர். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் கியர்பாக்ஸ் ஒன்றிரண்டு கியர் கீழே இறங்கி ஆர்பிஎம்மை ஏற்றிவிடும். வேகம் எடுத்தபின் காலை லேசாகத் தளர்த்துங்கள், மேல் கியருக்குப் போய்விடும். ஈகோ மோடு இருந்தால் ஊருக்குள் போட்டுக்கொள்ளலாம், ஆக்சிலேட்டர் கொஞ்சம் மந்தமாகப் பேசும். ஓவர்டேக் பண்ணும்போது மந்தம் ஆபத்து. நடுவில் தடுப்பில்லாமல் எதிரே வண்டி வரும் ரோட்டில் அதை எடுத்துவிடுங்கள்.

ஊட்டி போய்ட்டு வந்தா மைலேஜ் 7ன்னு காட்டுது. வண்டில ஏதாச்சும் கோளாறா?

இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1900 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். ஐந்து பேரும் பையும் சேர்த்து 2400 கிலோ என்றால், அந்த எடையை மேலே தூக்க மட்டும் மூன்றரை லிட்டருக்கு மேல் டீசல் ஆகும். முன்னே போகும் செலவு தனி. குன்னூர் வழி 50 கிலோமீட்டர் சொச்சம். அதனால் ஏறும்போது 7 என்பது நியாயமான எண். இறங்கி மேட்டுப்பாளையம் வந்தபின் மொத்தத்துக்கும் சேர்த்துப் பாருங்கள், எண் மேலே வந்திருக்கும்.

ஏறும்போது கையில் இருப்பது வளைவுதான். வளைவுக்கு முன் பிரேக் அடித்து, வளைவுக்கு அப்புறம் மிதித்து, திரும்ப அடுத்த வளைவில் பிரேக் என்றால் மேலே சொன்ன பிரேக் கணக்கு திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது மூன்றாவது கியரில் ஒரே தாளத்தில் ஏறுங்கள். எங்கள் தாத்தா காங்கேயம் காளை பூட்டிய சவாரி வண்டி வைத்திருந்தார். மேட்டில் மாட்டை விரட்ட மாட்டார். அதன் நடையில் ஏறவிட்டு, சமதளம் வந்தபின்தான் கயிற்றைச் சுண்டுவார். மலை ரோட்டில் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

ஆடி மாசம் மட்டும் பல்லடம் போய்ட்டு வந்தா மைலேஜ் குறையுதே, ஏனுங்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும். அதை நம்பித்தான் பல்லடம், உடுமலை சுற்றிலும் அத்தனை காற்றாலை நிற்கிறது. மேற்கே பார்த்து 80ல் போகும்போது எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், வண்டிக்கு அது 110ல் போவதுபோல. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"திரும்பி வர்றப்ப பின்காத்துதானே, சரியாப் போயிடும்ல?" என்று அடுத்த கேள்வி வரும். முழுதாகச் சரியாகாது. மேலே வேகத்துக்குச் சொன்ன அதே வர்க்கக் கணக்கால், போகும்போது இழப்பது வரும்போது கிடைப்பதைவிடப் பெரிது. அந்த மாதங்களில் மேற்கே போகும்போது 10 கிலோமீட்டர் வேகம் குறைத்துக்கொள்ளுங்கள். உயரமான வண்டி பக்கக் காற்றில் ஆடவும் செய்யும்.

ஏசி போடாம ஜன்னலைத் திறந்துட்டுப் போனா மிச்சமா?

ஊருக்குள் 40க்குக் கீழே என்றால் மிச்சம். பைபாஸில் ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும், அதற்கு ஏசியே தேவலை. சித்திரை வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் இரண்டு நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியே விட்டுவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள். கம்ப்ரசர் வேலை குறையும்.

ஜவுளிக்கடை வாசல்ல அரை மணி நேரம் ஏசி போட்டு நிறுத்திவெச்சா எவ்வளவு போகும்?

இந்த அளவு இன்ஜினுக்கு ஏசியோடு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். அரை மணி நேரத்துக்கு அரை லிட்டர், ஓடின தூரம் பூஜ்யம். உள்ளே குழந்தையோ வயதானவரோ இருந்தால் ஏசி ஓடத்தான் வேண்டும். டிரைவர் ஒருவர் போன் பார்ப்பதற்காக என்றால் மர நிழல் போதும்.

காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடும் பழக்கமும் தேவையில்லை. அரை நிமிடம் விட்டு, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். பைபாஸில் வேகமாக வந்து நிறுத்தினால் மட்டும் டர்போ ஆறுவதற்காக அரை நிமிடமாவது ஓடவிட்டு அணையுங்கள். அந்த டீசலில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா சொகுசா இருக்குது. விட்டுடலாமா?

வேண்டாம். காற்று குறைந்தால் டயர் நசுங்கி உருள மறுக்கும், சூடேறும், ஓரம் தேயும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான் சரி. முழு ஆள், முழு லோடுக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள், பழனி போகும் முன் பாருங்கள். டயர் ஆறியிருக்கும்போது, காலையில் முதல் வேலையாகப் பிடியுங்கள்.

பார்க்க எடுப்பா நிக்குற மாதிரி பெரிய டயர் மாத்துனேன். அதுலயிருந்து மைலேஜ் போச்சு. ஏமாத்திட்டாங்களா?

பாதி நிஜம், பாதி கணக்குப் பிழை. கனமான, பட்டன் பெரிய டயர் நிஜமாகவே டீசல் கேட்கும். அதோடு, டயர் சுற்றளவு கூடினால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 3.4 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 500 காட்டும்போது நீங்கள் ஓடியது 517. முதலில் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மீதிக் குறைவுதான் டயரால் வந்தது. ஸ்பீடோமீட்டரும் அதே அளவு முன்பைவிடக் குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்னாடி எப்பவும் ரெண்டு மூட்டை தேங்காய் கெடக்கும். மேல கேரியரும் இருக்குது. எதைக் கழட்டுறது?

முதலில் கேரியர். 100 கிலோ தேங்காய் இரண்டு டன் வண்டிக்கு 5 சதவீத எடைதான். நின்று கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் தெரியும், சம ரோட்டில் அவ்வளவு தெரியாது. காலிக் கேரியர் பைபாஸ் முழுக்கக் காற்றைப் பிடித்துக்கொண்டே வரும். வருடத்தில் நாலு நாள் தேவைக்கு 361 நாள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

லாரி பின்னாடி ஒட்டிப் போனா காத்து தடுக்குமாமே?

தடுக்கும், மைலேஜும் கூடும். ஆனாலும் செய்யாதீர்கள். 80ல் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. லாரிக்காரர் பிரேக் போட்டது உங்கள் மூளைக்கு எட்டும் முன்பே அந்த இடைவெளி முடிந்திருக்கும். சங்ககிரி பக்கம் அப்படி உள்ளே புகுந்த ஒரு வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. அதைப் பார்த்தபின் இந்த ஒன்றில் மட்டும் நான் யாரிடமும் சமாதானமாகப் பேசுவதில்லை. மூன்று நொடி இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியாலேயே பிரேக் குறையும், மைலேஜ் அங்கே கிடைக்கும்.

குரூஸ் கண்ட்ரோல் போட்டா நல்லதா கெட்டதா?

போட்ட வேகத்தை வண்டியே பிடித்துவைக்கும் வசதி அது. சமமான பைபாஸில் நல்லது, நம் கால் செய்யும் சின்னச் சின்ன ஆட்டத்தை அது செய்யாது. மேடு பள்ளமான ரோட்டில் நாமே மேல். போட்ட வேகத்தைக் காப்பாற்ற மேட்டில் அது டீசலைக் கொட்டும். நாம் என்றால் 80லிருந்து 72க்கு இறங்கவிட்டு, இறக்கத்தில் திரும்ப எடுத்துக்கொள்வோம். மழையில் போடவே வேண்டாம்.

நாலு வீல் டிரைவ் போட்டே ஓட்டுனா பிடிமானம் நல்லா இருக்கும்ல?

லீவரோ குமிழோ திருப்பிப் போடும் வகை வண்டி என்றால், காய்ந்த தார் ரோட்டில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போடக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓட வேண்டும், இரண்டையும் பூட்டிவிட்டால் முறுக்கிக்கொள்ளும். டீசலும் போகும், கியரும் போகும். சேறு, மணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் ஓட்டுறேன். வீட்டுல இருந்து மில்லு 3 கிலோமீட்டர், தினம் நாலு நடை. 9க்கு மேல வரமாட்டேங்குது.

இங்கே தப்பு உங்கள் கால் இல்லை, தூரம். 3 கிலோமீட்டரில் பெரிய டீசல் இன்ஜின் சூடேறுவதே இல்லை. சூடேறாத இன்ஜின் கூடுதலாக எரிக்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் வண்டியானால் இன்னொன்றும் உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்தால் வண்டி கூடுதல் டீசல் விட்டு அதைச் சூடாக்கி எரிக்கும். பாதியில் வண்டியை அணைத்தால் அடுத்த நடையில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். தினம் இப்படி நடந்தால் மைலேஜ் எங்கே வரும்? டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறுவதும் உண்டு.

வாரம் ஒரு தடவை 60க்கு மேல் ஒரே சீராக 20, 25 நிமிடம் ஓட்டிவிடுங்கள், பெருந்துறையிலிருந்து அவிநாசி வரை போனால் போதும். நிறுத்தப் போகும்போது, வண்டி நின்றிருந்தும் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறியிருந்து ஃபேன் வேகமாகச் சுற்றினால் எரிப்பு நடந்துகொண்டிருக்கலாம், இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணையுங்கள். முடிந்தால் நாலு நடையை இரண்டாகச் சேர்த்துவிடுங்கள். மில்லுக்கு மட்டும்தான் வண்டி என்றால், அடுத்த தடவை டீசல் வண்டி வாங்காதீர்கள் என்பதே என் யோசனை.

எங்களுது ஹைப்ரிட்டுங்க. பிரேக் புடிச்சா பேட்டரி ஏறுமே, அப்ப பிரேக் நல்லதுதானே?

மற்ற வண்டி எறிவதில் ஒரு பங்கை உங்கள் வண்டி எடுத்து வைக்கிறது, முழுதையும் இல்லை. மோட்டார், பேட்டரி, திரும்ப மோட்டார் என்று போய் வருவதில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் குறையும். அதிலும் லேசாக, நீளமாகப் பிடிக்கும் பிரேக்தான் பேட்டரிக்குப் போகும். திடீரென்று அழுத்தினால் சாதாரண டிஸ்க் பிரேக்தான் வேலை செய்யும். அதனால் டோலுக்குச் சொன்னதே உங்களுக்கும்: முன்பே காலை எடுங்கள். கோத்தகிரி இறக்கம் மாதிரி நீளமான இடத்தில் பேட்டரி நிறைந்தபின் சக்தியை வைக்க இடம் இருக்காது. கியர் லீவரில் B என்ற நிலை இருந்தால் (பார்க்கிங்குக்கான P இல்லை) அதைப் போட்டு இன்ஜினைக் கொண்டு தணியுங்கள்.

ஹைப்ரிட் ஊருக்குள் பெரிய மிச்சம் தரும், பைபாஸில் 110ல் போனால் அந்த மிச்சம் சுருங்கும். காற்றுக்கு ஹைப்ரிட், டீசல் என்ற பாகுபாடு இல்லை.

பெட்ரோல் எஸ்யூவி வெச்சிருக்கேன். போன வருசத்தைவிடக் குறைஞ்சுடுச்சு. நான் மாத்தி ஓட்டலையே?

இருக்கலாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் கலவையில் 6, 7 சதவீதம் குறையும். அதற்கு மேல் குறைந்திருந்தால் டயர், பிரேக் ஒட்டுகிறதா, ஏர் ஃபில்டர் எல்லாம் பார்க்க வேண்டும்.

அவரு ஓட்டுனா 10 வருது, நான் ஓட்டுனா 13 வருதுங்க. சொன்னா "நீ ஓட்டுறது சும்மா ஊருக்குள்ள"ங்கிறாரு. எப்படிப் புரியவைக்கிறது?

தாராபுரத்திலிருந்து வந்த ஒரு அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டது. ஊருக்குள் ஓட்டி 13 எடுப்பது பைபாஸில் 13 எடுப்பதைவிடக் கஷ்டம் என்று முதலில் அவரிடம் சொல்லச் சொன்னேன். அப்புறம் ஒரு டேங்க் ஏற்பாடு. இருவருக்கும் ஒரே வழி, தாராபுரத்திலிருந்து திருப்பூர் போய் வருவது. ஒரு டேங்க் அவர், ஒரு டேங்க் இவர். டயர் காற்று, ஏசி, ஆள் எண்ணிக்கை எல்லாம் ஒன்றே. மைலேஜோடு இன்னொன்றையும் எழுதச் சொன்னேன்: பக்கத்து சீட்டில் இருப்பவர், ஓட்டுபவர் எத்தனை தடவை பிரேக் மிதித்தார் என்று எண்ணி ஒரு தாளில் கோடு போட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து இருவரும் ஆயில் மாற்ற வந்தார்கள். தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் பக்கம் போன ஒரு நடைக்கு 140க்கு மேல் கோடு, அக்கா பக்கம் 60 சொச்சம். மைலேஜைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "டோலுக்கு எத்தனை மீட்டருக்கு முன்னாடி காலை எடுக்கணும்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.